வீட்டில் தண்ணீர் கற்பித்த பாடங்கள் – ஒரு வரலாறு

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் மிளகுத்தூளைத் தூவ வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் சோப்பைத் தடவிக்கொண்டு நடுவில் தொட்டால், தூள் முழுவதும் விளிம்பை நோக்கி ஓடிவிடும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய அறிவியல் சோதனைகள் என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது இருக்கும். செய்து முடிக்க ஐந்து விநாடி போதும். பிள்ளைகள் ஆச்சரியத்தில் கத்துவார்கள். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

சோப்பும் எண்ணெயும் பட்டவுடன் தண்ணீரின் மேற்பரப்புக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு ஜெர்மானியப் பெண் தன் வீட்டிலேயே ஏறத்தாழ பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்தார். அவர் கதைக்குப் பிறகு வருவோம். வீட்டில் செய்யும் தண்ணீர்ச் சோதனைகளை இன்று விடுமுறைப் பொழுதுபோக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கதவும் ஆய்வுக்கூடத்தின் கதவும் யாருக்கெல்லாம் மூடப்பட்டிருந்தனவோ, அவர்களுக்கு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் ஆய்வுக்கூடமாக இருந்திருக்கிறது. பெண்கள், புத்தகக் கட்டுக்கடையில் வேலை செய்த சிறுவன், போரில் பள்ளியை இழந்த ஊர்களின் பிள்ளைகள் என்று அந்தப் பட்டியல் நீளுகிறது.

தொடக்கம் என்னவோ வசதியான வீட்டில்தான். அயர்லாந்தின் லாங்ஃபோர்டு மாவட்டத்தில் எட்ஜ்வொர்த்ஸ்டவுன் என்ற ஊர். அங்கே நிலக்கிழாராக இருந்தவர் ரிச்சர்ட் லோவெல் எட்ஜ்வொர்த். நான்கு திருமணங்களில் அவருக்கு 22 குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்குத் தனியாக இடம் தேட வேண்டிய அவசியமே இல்லை, வீடே பள்ளிக்கூடம்தான்! ஜேம்ஸ் வாட், ஜோசப் பிரீஸ்ட்லி போன்றோர் கூடிப் பேசிய 'லூனார் சொசைட்டி' என்ற அறிவியல் நண்பர் குழுவில் அவரும் ஒருவர். அவருடைய இரண்டாம் மனைவி ஹொனோரா, பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள், எப்படி யோசிக்கிறார்கள் என்பதை நோட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தைத் தொடங்கினார். அந்த வழக்கம் அவர் மறைந்த பிறகும் குடும்பத்தில் நிற்கவில்லை. மகள் மரியாவும் தந்தையும் சேர்ந்து 1798-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட 'நடைமுறைக் கல்வி' என்ற நூல் இதிலிருந்து பிறந்தது. தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் மரியா. புகழ்பெற்ற நாவலாசிரியராகவும் விளங்கியவர்.

அந்த நூலின் முதல் அத்தியாயமே பொம்மைகளைப் பற்றியது. கடையில் வாங்கும் பளபளப்பான பொம்மையைக் குழந்தை உடைப்பது குறும்பால் அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையால்தான் என்பது அவர்கள் கருத்து. ஆகவே அட்டை, கத்தரிக்கோல், பசை, மரத்துண்டு, கப்பி போன்றவற்றைக் கொடுங்கள் என்றார்கள். நூலின் பின்னிணைப்பில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் உரையாடல்கள் அப்படியே அச்சாகியிருக்கின்றன. பிள்ளைகள் தவறாகச் சொன்னவையும் நீக்கப்படவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெற்றோர், பிள்ளையின் தவறான பதிலையும் அச்சிடத் தக்கது என்று மதித்தார்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல.

இதற்குள் தண்ணீரைப் பற்றிய அறிவே தலைகீழாக மாறியிருந்தது. நிலம், நீர், தீ, காற்று என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியர் நீரை ஓர் அடிப்படைப் பொருளாகவே எண்ணிவந்தனர். ஹென்றி கேவண்டிஷின் சோதனைகளுக்குப் பிறகு, 1783-ல் லவாய்சியர் நீர் ஒரு தனிமம் அன்று, கூட்டுப்பொருள் என்று அறிவித்தார். 1800-ல் வோல்டாவின் மின்கலம் வந்தது. அதே ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் ஆகிய இருவரும் மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினர். இந்தப் புதிய செய்தி கல்லூரி வாசலைத் தாண்டி வீட்டுக்குள் எப்படி வந்தது?

அதைக் கொண்டுவந்தவர் ஜேன் மார்செட். 1769-ல் லண்டனில் பிறந்தவர், தந்தை சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வணிகர், கணவர் மருத்துவர். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். முதலில் அவருக்கு அது சரியாகப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து நண்பர் ஒருவருடன் பேசிப் பேசி, சோதனைகளைச் செய்து பார்த்த பிறகுதான் விளங்கியது. தனக்கு விளங்கிய வழியிலேயே மற்றப் பெண்களுக்கும் விளங்கவைக்கலாமே என்று அவர் எழுதிய 'வேதியியல் உரையாடல்கள்' 1806-ல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லாமல்தான் வெளிவந்தது. பல பதிப்புகள் விற்றுத் தீர்ந்து, பல ஆண்டுகள் ஆன பிறகே அட்டையில் அவர் பெயர் ஏறியது.

புத்தகத்தில் திருமதி பி. என்ற ஆசிரியையும், எமிலி, கரோலின் என்ற இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்கிறார்கள். எமிலி அமைதியானவள். கரோலின் துடுக்கு, எதையும் உடனே நம்பமாட்டாள். தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது, ஆவி ஏன் இவ்வளவு சூட்டை விழுங்குகிறது, தீயை அணைக்கும் தண்ணீருக்குள் எரியும் வாயு எப்படி இருக்க முடியும் என்றெல்லாம் பேச்சு போகிறது. இந்தப் புத்தகத்தின் உண்மையான நாயகி கரோலின்தான் எனலாம். அவள் மறுத்துக் கேட்பதால்தான் வாசிக்கிறவருக்கும் விஷயம் விளங்குகிறது.

பெண்களை மனத்தில் வைத்து எழுதிய இந்த நூலின் மிகப் பெரிய மாணவர் ஓர் ஆண். லண்டனில் ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் கட்டும் வேலை பழகிக்கொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே, கட்டுவதற்கு வந்த புத்தகங்களில் ஒன்றாக இதைப் படித்தார். கொல்லரின் மகன், பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. படித்ததை அப்படியே நம்பாமல், கையில் இருந்த சில்லறைக்கு ஏற்றபடி சின்னச் சின்னச் சோதனைகள் செய்து சரிபார்த்தார். நூல் சொன்னது சரியாக இருந்தது, அதனால் அந்த நூலைப் பற்றிக்கொண்டேன் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். 1858-ல் மார்செட் மறைந்தபோதும் அவரைத் தன் முதல் ஆசிரியையாகவே நினைவுகூர்ந்தார்.

பெற்றதைத் திருப்பிக் கொடுத்தவர் ஃபாரடே. ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் 19 தொடர்களை அவரே சிறுவர்களுக்காக நிகழ்த்தினார். 1860-61-ல் அவர் நிகழ்த்திய 'மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு' பெயரளவில்தான் மெழுகுவர்த்தியைப் பற்றியது, அதில் கணிசமான பகுதி தண்ணீரைப் பற்றியது. பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடித்தார். பாத்திரத்தின் அடியில் நீர்த்துளி தொங்கியது. எரிகிற நெருப்பிலிருந்து தண்ணீர்! மூன்றில் ஒரு பங்கு அங்குலத் தடிமன் உள்ள வார்ப்பிரும்புக் குப்பிகளில் தண்ணீரை நிரப்பி மூடி, உறையவைத்து வெடிக்கச் செய்தும் காட்டினார். இரண்டாவதை வீட்டில் யாரும் முயல வேண்டியதில்லை. முதலாவதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைக் கொண்டே பார்த்துவிடலாம். டம்ளரின் வெளிப்புறம் நன்றாகத் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றில் இருந்த ஈரமா, சுடரிலிருந்து வந்த நீரா என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், சோதனை அதற்குமேல்தான் தொடங்குகிறது.

அறிவியல் மட்டுமல்ல, புவியியலும் இந்த வழியில் வீட்டுக்கு வந்தது. 1886-ல் 'வீட்டுக் கல்வி' என்ற நூலை எழுதிய சார்லட் மேசன், பிள்ளைகள் நல்ல பருவத்தில் ஒரு நாளின் பெரும் பகுதியை வெளியில் கழிக்க வேண்டும் என்றார். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓடையையும் குட்டையையும் பார்த்தறியாத பிள்ளைக்கு, வரைபடத்தில் உள்ள ஆறும் ஏரியும் வெறும் கோடுகள்தான் என்பது அவர் வாதம். வாத்து நீந்தும் குட்டையே ஏரிக்கு மாதிரி. 1891 முதல் தபால் வழியே பாடத்திட்டம் அனுப்பி வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஏற்பாட்டையும் அவர் செய்தார். ஆசிரியையாக வேலை பார்க்கும் இளம் பெண்களுக்கு 1892-ல் ஆம்பிள்சைடில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த மாவட்டம் அது. நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார்.

1890-ஐ ஒட்டிய ஆண்டுகள் இந்த வரலாற்றில் சுவையானவை. பாரிஸில் ஆர்தர் குட் என்ற பொறியாளர் 'டாம் டிட்' என்ற புனைபெயரில் வார இதழில் வேடிக்கை அறிவியல் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடி டம்ளர், கார்க், நாணயம், தட்டு, தண்ணீர் இவைதான் கருவிகள். படங்கள் மிக அழகு. அந்தக் கட்டுரைகள் புத்தகங்களாகிப் பல மொழிகளுக்குப் போயின. இன்று இணையத்தில் சுற்றும் 'வீட்டிலேயே செய்யலாம்' வகைச் சோதனைகளின் சாயலை இவற்றில் பார்க்கலாம். இவற்றில் உள்ள குறையையும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலும் இவை வித்தைகள். வித்தை முடிந்ததும் கைதட்டலோடு கேள்வியும் முடிந்துவிடுகிறது.

லண்டனில் அதே காலத்தில் சி. வி. பாய்ஸ் சோப்புக் குமிழிகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். 1889 டிசம்பர் 30, 1890 ஜனவரி 1, 3 ஆகிய நாள்கள். அதே 1890-ல் அவை நூலாயின. தண்ணீருக்கு மெல்லிய தோல் ஒன்று போர்த்தியதுபோல் அதன் மேற்பரப்பு நடந்துகொள்கிறது என்று அவர் காட்டினார். வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கான நடைமுறைக் குறிப்புகளையும் நூலின் இறுதியில் சேர்த்தார்.

பாய்ஸ் பேசிக்கொண்டிருந்த அதே நாள்களில், அதே தண்ணீர்த் தோலை ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு பெண் அளந்துகொண்டிருந்தார். அவர்தான் ஆக்னஸ் போக்கெல்ஸ். 1862-ல் வெனிஸ் நகரில் பிறந்தவர். தந்தை ஆஸ்திரியப் படையில் பணியாற்றியவர். குடும்பம் 1871-ல் பிரவுன்ஷ்வைக்குக் குடியேறியது. ஆக்னஸ் நகரப் பெண்கள் பள்ளியில் படித்தார், இயற்பியலில் ஆர்வம். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. தம்பி ஃபிரிட்ரிக் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அக்காவோ நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, சமைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டு வீட்டில் இருந்தார். தம்பி அனுப்பிய பாடநூல்களைப் படித்தார்.

பாத்திரம் கழுவும் தண்ணீரில் கொழுப்பும் சோப்பும் படும்போது மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்ற கேள்வி இருபது வயதுக்குள்ளாகவே அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு கருவி செய்தார். 70 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரம் உள்ள தகரத் தொட்டி. அதை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, குறுக்கே ஒன்றரை சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டை ஒன்றை வைத்தார். பட்டையை நகர்த்தினால் ஒரு பக்கத்து மேற்பரப்பு சுருங்கும், மறுபக்கம் விரியும். நீர்ப்பரப்பில் ஒட்டிய சிறு வட்டத் தகட்டைத் தராசின் ஒரு கையில் தொங்கவிட்டு, அதைப் பிய்த்தெடுக்க எவ்வளவு எடை தேவை என்று அளந்தார். இவ்வளவுதான் கருவி. இதைக் கொண்டு, அழுக்குப் படிந்த பரப்பைச் சுருக்கிக்கொண்டே வரும்போது ஒரு குறிப்பிட்ட அளவு வரை இழுவிசை மாறாமல் இருந்து, அதன் பிறகு சட்டென்று குறைவதைக் கண்டார்.

உள்ளூர்ப் பல்கலைக்கழக வட்டாரத்தில் அவருடைய வேலையை யாரும் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தில் ராலே பிரபு இதே துறையில் ஆய்வு செய்கிறார் என்று அறிந்து, 1891 ஜனவரியில் அவருக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ராலே நினைத்திருந்தால் அந்தக் கடிதத்தை மேசை அறைக்குள் போட்டிருக்கலாம். போடவில்லை. மொழிபெயர்ப்பை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி, வீட்டுச் சாமான்களைக் கொண்டே இந்தப் பெண்மணி மதிப்புள்ள முடிவுகளை அடைந்திருக்கிறார் என்று பரிந்துரைத்தார். 1891 மார்ச் 12 இதழில் 'பரப்பு இழுவிசை' என்ற தலைப்பில் கடிதம் வெளிவந்தது. அவரது தொட்டியின் வழியில் மேம்பட்ட கருவியைச் செய்து ஆராய்ந்த அமெரிக்கர் இர்விங் லாங்மியூர் 1932-ல் நோபல் பரிசு பெற்றார். அதே 1932-ல், தம் 70-ஆவது வயதில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம் ஆக்னஸுக்குக் கிடைத்தது. 1935-ல் மறைந்தார். இன்றும் அந்தக் கருவி பெரும்பாலும் 'லாங்மியூர் தொட்டி' என்றே வழங்குகிறது.

மிளகுத்தூள் தட்டுக்கும் ஆக்னஸின் தொட்டிக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை. இரண்டிலும் தண்ணீரும் அழுக்கும்தான். தூள் ஓடியதும் நின்றுவிடாமல் 'எவ்வளவு?' என்று கேட்டதுதான் வேறுபாடு. ஒரு சொட்டு சோப்புக்கு எவ்வளவு தூரம் ஓடும்? அதே தண்ணீரில் இரண்டாம் முறை தொட்டால் ஏன் ஓடுவதில்லை? வெந்நீரில்? பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் பெரியவை அல்ல. ஸ்கேல் ஒன்று இருந்தால் போதும்.

பத்து வயது என்பதற்கும் காரணம் உண்டு. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, அலினா செமின்ஸ்காவுடன் சேர்ந்து 1941-ல் வெளியிட்ட நூலில் ஒரு தண்ணீர்ச் சோதனையை விவரித்தார். அகலமான கிண்ணத்திலிருந்து ஒடுக்கமான உயரமான குவளைக்குத் தண்ணீரை மாற்றினால், ஐந்து வயதுக் குழந்தை இப்போது தண்ணீர் கூடிவிட்டது என்கும். ஏழெட்டு வயதில்தான், வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது பிடிபடுகிறது. ஆகவே அளந்து பார்க்கும் தண்ணீர்ப் பாடங்கள் மேல்நிலைத் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கே பொருந்துகின்றன. அதற்குச் சிறிய பிள்ளைகளை ஊற்றி விளையாட விட்டால் போதும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்த எளிய சோதனைகளுக்கு வேறொரு தேவை வந்தது. குண்டு வீச்சில் பள்ளிகள் அழிந்து கிடந்தன, கருவிகள் கிடையாது. லண்டனில் ஜே. பி. ஸ்டீபன்சன் என்ற பள்ளி ஆசிரியர், போரால் சிதைந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். யுனெஸ்கோ அதை 1948-ல் வெளியிட்டது. கடையில் வாங்க முடியாத கருவியைத் தகர டப்பா, பாட்டில், கம்பி ஆகியவற்றால் எப்படிச் செய்துகொள்வது என்பதே அதன் பேச்சு. போரில் அழியாத ஆனால் எப்போதுமே கருவி இல்லாத நாடுகளுக்கும் இது பயன்படும் என்று விரைவில் தெரிந்தது. அதை விரித்து 1956-ல் வந்த யுனெஸ்கோவின் அறிவியல் ஆசிரியர் மூலநூல் பல மொழிகளில் பரவியது. 1958-ல் அமெரிக்காவில் அதையே 'எல்லோருக்கும் 700 அறிவியல் சோதனைகள்' என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். சிதைந்த நாடுகளுக்கென்று எழுதிய நூல், செல்வம் கொழிக்கும் நாட்டு வீடுகளின் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது!

இந்தியாவில் இதன் நெருங்கிய உறவு என்று ஹோஷங்காபாத்தைச் சொல்லலாம். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரண்டு அமைப்புகளின் முயற்சி. பாடம் ஒப்பிப்பது கிடையாது, ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டு செய்து பார்ப்பதுதான். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. 1978-ல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. ஐஐடி கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, புனேயில் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஆண்டில் அங்கே போனார். பின்னாளில் பழைய ஃபிலிம் டப்பாவில் தண்ணீர் பம்பு செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இது பள்ளித் திட்டம்தான், வீட்டுக் கல்வி அன்று. ஆனால் கருவி வீட்டுக் குப்பையிலிருந்து வந்ததால், மாலையில் அதே கருவி வீட்டுக்கும் போக முடிந்தது. பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருக்கும் பியூரெட்டுக்கு அந்த வழி இல்லை. முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்தியது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது இந்தப் பழைய வழி திடீரென்று எல்லோர் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. இங்கிலாந்தில் 2014 முதல் நடப்பில் இருந்த பாடத்திட்டப்படி நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் நீர் சுழற்சி, ஆவியாதல், குளிர்ந்து நீராதல் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். பாலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஜன்னலில் ஒட்டிவைப்பது, எது மிதக்கும் எது மூழ்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துச் சரிபார்ப்பது, மணலும் பஞ்சும் கொண்டு கலங்கல் நீரை வடிப்பது ஆகியவை இந்தப் பாடத்துக்கு வீட்டில் செய்யத்தக்கவை. எளியவைதான். ஆனால் எட்ஜ்வொர்த் வீட்டில் பிள்ளையின் கேள்வியை எழுதிவைக்க ஓர் ஆள் இருந்தார். வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலையும் பார்த்த பெற்றோருக்கு அந்த நேரம் எங்கே? செய்துகாட்டி முடிப்பது எளிது, பிள்ளை தவறாகச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதற்குத்தான் நேரம் வேண்டும்.

ஒரு நாளில் வீட்டில் எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கெடுப்பதும் இந்த வகைப் பாடங்களில் வழக்கமான ஒன்று. குழாயைத் திறந்தால் கொட்டும் ஊரில் அது ஒரு பயிற்சி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வற்றிக் கிடந்தபோது, சென்னையில் லாரிக்காகக் குடத்துடன் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குடிக்க எத்தனை குடம், சமைக்க எத்தனை குடம், குளிக்க மிச்சம் எவ்வளவு என்பதை அவர்கள் விரல்விட்டே சொன்னார்கள்.